வாசலில் சொன்ன சொல்

என் மருமகள் இபுகி, கல்யாணத்துக்கு முன்னால், முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்து நின்ற சாயங்காலம், என் கணவர் கெங்கிச்சி அவளை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் சொல், "கொவாய்."

சொல்லிவிட்டு வாசற்படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "அப்பாடா... இன்னிக்கு ரொம்பவே கொவாய்" என்று இன்னொரு தரமும் சொன்னார்.

எனக்கு அதில் ஒன்றும் புதிதாகப் படவில்லை. "இதையேதான் நேத்தும் சொன்னீங்க. நடுவழியில உக்காந்துக்கிட்டு... நகருங்க, பொண்ணு உள்ள வரட்டும்" என்றேன். இபுகி கொண்டுவந்திருந்த பலகாரப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பிரயாணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். டோக்கியோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கொவாய் என்றால் பயமாக இருக்கிறது என்று பொருள். இருட்டைப் பார்த்துச் சொல்வார்கள், கடிநாயைப் பார்த்துச் சொல்வார்கள். எங்கள் ஹொக்கைடோ கரையில் அது வேறு சொல். கை கால் துவண்டு, உடம்பு நனைந்த சாக்கு மாதிரி கனத்து, எழுந்து ஒரு கிண்ணத்தை எடுக்கக்கூட மனம் வராமல் கிடக்கிறோமே, அதற்குத்தான் நாங்கள் கொவாய் என்போம். அது காய்ச்சல் இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை. காலையில் எழுந்தவுடன் யாராவது அப்படிச் சொன்னால் கேலி செய்வோம். வேலை முடித்துவிட்டு வந்து சொன்னால் நகர்ந்து இடம் கொடுத்து, தேநீர் ஊற்றிக் கொடுப்போம். டிவியில் அந்த இன்னொரு பொருளிலும் கேட்டிருக்கிறோம்தான். ஆனால் எங்கள் வாயில் அந்தச் சொல் வரும்போது பயத்தின் நினைப்பே எங்களுக்கு வராது.

இபுகிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் டோக்கியோ பக்கத்துப் பெண். பெண்கள் பள்ளி ஒன்றில் ஜூடோ சொல்லிக் கொடுக்கிறாள். அவளுடைய முழங்கால் பிசகியபோது சரிசெய்த எலும்பு வைத்தியன் என் மகன் நவோயா. முழங்கால் சரியான பிறகும் அவள் ஏன் வாராவாரம் வருகிறாள் என்று யோசிக்க அவனுக்கு ஆறு மாதம் ஆனதாம். அப்பாவைப் போல மந்தம்.

அந்தக் கோடையில் நான் பாசி காயப்போடும் களத்தில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்தேன். கடற்பாசி வெட்டும் பருவம். ஒரு ஜோடிக் கை குறைந்தால் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். நவோயாவுக்கு சனிக்கிழமைக்கு முன்னால் லீவு கிடைக்கவில்லை. "எனக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே, நான் முன்னாடியே போறேன்" என்று இபுகி தானாகக் கிளம்பிவிட்டாள். நவோயா எனக்கு போன் செய்தான்.

"அம்மா, சாதம் மட்டும் நிறைய வடி. அவ நாலு கிண்ணம் சாப்பிடுவா. நாலு பேர் வேலையும் செய்வா. போன மாசம் எங்க கிளினிக் ஃப்ரிட்ஜை ஒத்தையாளா மாடிக்குத் தூக்கிட்டுப் போனா."

"பொண்ணைப் பத்திச் சொல்றியா, பளு தூக்குற மிஷினைப் பத்திச் சொல்றியா?" என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். பூனை மாதிரி கொறிக்கிற மருமகள் வந்துவிடுவாளோ என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தவளோ பூனையைவிடக் கம்மியாகச் சாப்பிட்டாள். கணவாயும் உருளைக்கிழங்கும் போட்டுப் பெரிய சட்டி நிறையச் செய்து வைத்திருந்தேன். ஒரே ஒரு கிண்ணம் சாதம், இரண்டு துண்டு கணவாய். "போதும் அத்தை" என்றாள். குரல் கொசு ரீங்காரம் மாதிரி இருந்தது. அவ்வளவு உயரமும் அகலமுமான பெண், தோளை உள்ளே இழுத்து, முழங்காலை ஒடுக்கி, தரையில் போட்ட இருக்கை மெத்தையில் பாதியில்தான் உட்கார்ந்திருந்தாள். என் கணவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவர் சூப்பைக் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து, "கொவாய்" என்று முனகிக்கொண்டே கண்ணை மூடிவிட்டார்.

அவள் மனசில் என்ன ஓடியது என்பதைப் பிறகு அவளே சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அவளை எல்லாரும் மலை என்றுதான் கூப்பிட்டார்களாம். நவோயாவுக்கு முன்னால் ஒரு வரன் வந்ததாம். அந்தப் பையனின் அம்மா அவளைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அதே சொல்லைச் சொன்னாளாம். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. இப்போது இங்கே வந்த முதல் நிமிஷத்திலேயே மாமனார் வாயிலிருந்தும் அதே சொல். வாயைப் பொத்தக்கூட இல்லை. கால் தளர்ந்து உட்கார்ந்தும்விட்டார். அன்று படுக்கப் போகும்போது அவள் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டாள். இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் சின்னதாக இருக்க வேண்டும்.

மறுநாள் காலை களத்துக்குப் போனோம். களம் என்றால் கடலோரத்தில் கூழாங்கல் பரப்பிய பெரிய திடல். படகுகள் பாசியோடு வந்ததும் அதைக் கொண்டுபோய், ஒன்றின் மேல் ஒன்று படாமல் நீளநீளமாக விரித்துப் போட வேண்டும். ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளம், ஈரத்தில் இரும்புக் கனம், விலாங்கு வழுக்கல். அன்றைய வெயிலிலேயே காய்ந்தாக வேண்டும்.

நாலு பேர் வேலை செய்வாள் என்ற பெண், ஒரு தடவைக்கு ஒரு பாசி எடுத்தாள். அதையும் தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நுனிக்காலில் நடந்தாள். பக்கத்துக் களத்து மசுயோ அக்கா என் விலாவில் இடித்தாள். எங்கள் ஊரில் அவள் வாய்க்கு யாரும் தப்பியதில்லை.

"ஏன்டி தொமியே, உன் மருமக பாசியைக் காயப்போடுறாளா, தாலாட்டுறாளா?"

"சும்மா இருங்கக்கா. புதுசு."

"புதுசுன்னா? கல்லு நசுங்கிடும்னு பயந்து நடக்குற மாதிரி இல்ல இருக்கு!"

சிரித்துவிட்டு, அக்கா இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிமிர்ந்தாள். அந்த நேரம் பார்த்து இபுகி எங்கள் பக்கமாக வந்தாள். மசுயோ அக்கா அவளை நேராகப் பார்த்து, வாய் நிறைய, "ஐயோ கொவாய்!" என்றாள். அவளுக்குப் பின்னால் குனிந்திருந்த இரண்டு கிழவர்களும் நிமிர்ந்து, "ஆமாமா, கொவாய், கொவாய்" என்று ஒத்து ஊதினார்கள்.

இபுகி நின்றாள். பிறகு திரும்பி, களத்தின் கடைசி மூலைக்குப் போய், யாருக்கும் முகம் தெரியாத இடத்தில் தனியாக விரிக்க ஆரம்பித்தாள். பாவம், ஊரே தன்னைப் பார்த்து நடுங்குகிறது என்று நினைத்துவிட்டாள்.

எனக்கு வேறு கவலை. இந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, சொல்ல வெட்கப்படுகிறாள் என்று தோன்றியது. சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"இபுகி, மறைக்காம சொல்லு. கொவாயா இருக்கா?"

அவள் கையில் இருந்த கிண்ணம் தண்ணீரில் விழுந்தது. "எனக்கா அத்தை?"

"உனக்குத்தான். வந்ததுலேருந்து பார்க்குறேன். வெட்கப்படாத. எல்லாருக்கும் வர்றதுதான்."

கிண்ணத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தாள். பிறகு மெதுவாக, "கொஞ்சம் கொவாய்தான் அத்தை" என்றாள்.

"அதானே பார்த்தேன்! நல்லா சாப்பிட்டு, காலை நீட்டிப் படு. சரியாயிடும்."

"சாப்பிட்டா போயிடுமா?"

"போகாம? உங்க மாமாவையே பாரு. சாயங்காலம் வந்து என் மூஞ்சியைப் பார்த்ததும் அவருக்குக் கொவாய் வந்துரும். கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான். சூடா ரெண்டு கிண்ணம் சூப்பு உள்ள போனா அடங்கிடுவாரு."

இபுகி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். நான் அவள் தோள் உயரம்கூட இல்லை. "உங்களைப் பார்த்துமா அத்தை?"

"வேற யாரைப் பார்த்து? ஆனா ரெண்டு நாளா ரொம்ப அதிகமாத்தான் இருக்கு" என்றேன். நாங்கள் இருவரும் ஒரே சொல்லை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது தெரியாமல், நன்றாக ஆறுதல் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு போய்ப் படுத்தேன். அவள் போய், சனிக்கிழமை நவோயா வந்ததும் என்ன சொல்லிக் கிளம்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

மூன்றாம் நாள் கடல் குளம் மாதிரி கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் என் கணவருக்குப் பேராசை பிடித்துவிடும். மற்றவர்கள் திரும்பிய பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தார். கடைசியாக வந்தபோது படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. மேலே பாசிக் குவியல், அதன் பின்னால் அவருடைய தொப்பி மட்டும் தெரிந்தது. மேற்கே மலைக்குப் பின்னாலிருந்து கருமேகம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

இபுகி முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி, கயிற்றை வாங்கக் கையை நீட்டினாள். அவர் கயிற்றோடு குதித்தார். கால் தரையில் பட்டதும் துணி மாதிரி மடங்கிவிட்டது. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். அலை ஒன்று வந்து மார்பில் அடித்தது.

"கொவாய்!" என்று கத்தினார்.

இபுகி விலுக்கென்று பின்வாங்கினாள். நீட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மாமா, பயப்படாதீங்க! நான் கிட்ட வரல! தள்ளிப் போயிடறேன்!"

அடுத்த அலையில் அவர் தொப்பி மிதந்துபோனது. "தள்ளிப் போறியா? எங்கம்மா போற? கொவாய்னு சொல்றேன், நீ பாட்டுக்குப் போறியே!"

"அதனாலதான் மாமா போறேன்!"

"அதனால போறதா? அதனால வரணும்மா! கால் ரெண்டும் செத்துப்போச்சு, எழுந்திரிக்க முடியல. வந்து தூக்கும்மா என்னைய!"

கரையில் மாவுக்கட்டோடு நின்ற எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இபுகி சிலை மாதிரி நின்றாள். தன்னைக் கண்டு நடுங்குகிற ஒருவர், தூக்கச் சொல்லித் தன்னிடமே கேட்பாரா என்று அவள் அந்த நொடியில்தான் யோசித்தாளாம். யோசனை முடிவதற்குள் மூன்றாவது அலை வந்தது, அவர் வாய்க்குள் தண்ணீர் போய்ப் புரை ஏறியது. அவ்வளவுதான். இபுகி இரண்டே எட்டில் பாய்ந்தாள். ஒரு கை அக்குளில், ஒரு கை தொடைக்கு அடியில். என் கணவர் அரிசி மூட்டை மாதிரி அவள் தோளில் ஏறிவிட்டார். இன்னொரு கையால் படகுக் கயிற்றையும் பிடித்து இழுத்துக்கொண்டே கரை ஏறினாள்.

களம் முழுக்க வேலையை நிறுத்தியது. மசுயோ அக்கா கைதட்டினாள். "கெங்கிச்சி! கல்யாண ஊர்வலம் மாதிரில்ல வர்ற!"

"வாயை மூடு மசுயோ! இங்கேருந்து ஊரே தெரியுது, நல்லாத்தான் இருக்கு!" என்று தோளிலிருந்து பதில் வந்தது.

இபுகி அவரைக் கூழாங்கல்லில் பூப்போல இறக்கி வைத்தாள். அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் முட்டக் கேட்டாள்.

"மாமா, உண்மையைச் சொல்லிடுங்க. என்னைப் பார்த்தா இன்னும் பயமா இருக்கா?"

"பயமா? எனக்கா?" அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "உன்னைப் பார்த்து எனக்கெதுக்கும்மா பயம்?"

"வந்த அன்னிக்கே வாசல்ல சொன்னீங்களே. கொவாய்னு. இவங்க எல்லாருங்கூட நேத்து..."

அப்போதுதான் எனக்கு டிவியில் கேட்ட அந்த இன்னொரு பொருள் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. முந்தின சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது நாங்கள் பேசியதும் கூடவே வந்தது. நான் அப்படியே கல்லில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். "ஐயோ என் கண்ணு! அது பயமில்லடி! அது... அது..."

அது என்னவென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற சொல். அதற்கு இன்னொரு சொல் தேட வேண்டி வரும் என்று யார் நினைத்தார்கள்?

"அசதி" என்றார் கிழவர்களில் ஒருவர்.

"அசதின்னா தூங்கினா போயிடும். இது எலும்புக்குள்ள போற சங்கதி" என்றாள் மசுயோ அக்கா. "வேலை செஞ்சு செஞ்சு வர்றது."

"வேலையே செய்யாமலும் வரும். வெயில்ல சும்மா உக்காந்து பாரு, எனக்கு வருது."

"உனக்கு வர்றது சோம்பேறித்தனம். அதுக்கு இந்தச் சொல்லை வீணாக்காத."

"மாடிப்படி ஏறினா காலுக்கு மட்டும் வருமே, அது?"

"அதுவும்தான். ஆனா அதைச் சொல்லும்போது கூடவே முழங்காலைத் தட்டணும்."

பெரிய சண்டையே நடந்தது. இபுகி ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் என் கணவரிடம் வந்தாள்.

"அப்ப அன்னிக்கு வாசல்ல?"

"அன்னிக்குப் படகைக் கரைக்கு இழுக்குற விஞ்ச் மக்கர் பண்ணிடுச்சு. படகைக் கையாலேயே இழுத்தோம். வீட்டுக்கு வர்றேன், காலு ரெண்டும் கஞ்சியா இருக்கு. சொன்னேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லலையா?"

"உன்னைப் பார்த்து நான் நினைச்சதே வேற."

"என்ன நினைச்சீங்க?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். மனசில் இருப்பதை எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். ஈரத் தலையைச் சொறிந்துகொண்டு, "நவோயா பெரிய ஆளுதான்னு நினைச்சேன். எங்க போய்த் தேடிப் பிடிச்சான்னு நினைச்சேன்" என்றார்.

இபுகி சிரித்தாள். அதுவரை நாங்கள் கேட்டிராத சிரிப்பு. அந்த உடம்புக்கு ஏற்ற சிரிப்பு. கல்லில் உட்கார்ந்திருந்த கடற்காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள்.

முதல் துளி அப்போதுதான் என் கன்னத்தில் விழுந்தது.

"மழை!" என்று யாரோ கத்தினார்கள். பாதி காய்ந்த பாசியில் நல்ல தண்ணீர் பட்டால் அவ்வளவும் வீண். எல்லாரும் ஓடினோம். ஆனால் இபுகி ஓடியதை நான் எப்படிச் சொல்வது? இரண்டு நாளாகச் சுருட்டி வைத்திருந்த உடம்பை அவள் அன்றைக்குத்தான் அவிழ்த்துவிட்டாள். பாசியைப் பத்தும் பதினைந்துமாக வாரி, சுருட்டி, இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு, கொட்டகைக்கும் களத்துக்கும் பறந்தாள். எங்களுடையது முடிந்ததும் மசுயோ அக்காவின் களத்தில் குதித்தாள். குறுக்கே நின்ற ஒரு கிழவரையும் பாசியோடு சேர்த்துத் தூக்கிக் கொட்டகையில் வைத்துவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கிழவர் மறுக்கவில்லை. மழை வலுத்துக் கொட்டியபோது ஒரு பாசிகூட வெளியே இல்லை.

கொட்டகைக் கூரையில் மழை தடதடக்க, எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தோம். மசுயோ அக்கா இபுகியின் புஜத்தைத் தட்டிப் பார்த்தாள். "தொமியே, இவளை எனக்கு வாரத்துல ரெண்டு நாள் குடு. பதிலுக்கு என் வாயை மூடி வச்சுக்கிறேன்."

"உங்களால முடியாதுக்கா. நஷ்டம் எனக்குத்தான்" என்றேன்.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு வாளி நிறையக் கடல்முள்ளி கொண்டுவந்து கொடுத்தாள். முள் ஓட்டை உடைத்து, உள்ளே இருந்த மஞ்சள் சதையைச் சூடான சாதத்தின் மேல் அள்ளிப் போட்டுச் சாப்பிட்டோம். இபுகி முதல் கிண்ணம் முடித்து என்னைப் பார்த்தாள். நான் வாங்கி நிரப்பினேன். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. சட்டியின் அடியில் கரண்டி பட்டுச் சத்தம் கேட்டபோது எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. என் கணவர் தன் கிண்ணத்தை மறந்துவிட்டு அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சும் வந்துவிட்டது அவளுக்கு. ஜூடோவில் முதலில் கற்றுக்கொள்வது எதிராளியைத் தள்ளுவது இல்லையாம், விழுவதாம். அடிபடாமல் விழுவதற்குத் தனி வித்தை இருக்கிறதாம்.

"நான்தான் இன்னிக்கே விழுந்தேனே" என்றார் என் கணவர்.

"அது விழுந்தது இல்ல மாமா. மடிஞ்சது."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளும் மழை, படகு இறங்கவில்லை. பகல் முழுக்க நடுக்கூடத்தில் பாடம் நடந்தது. இருக்கை மெத்தைகளை எல்லாம் பரப்பி, முகவாயை நெஞ்சில் ஒட்டி, கையால் தரையில் படார் படார் என்று அடித்து விழுந்துகொண்டே இருந்தார். அறுபத்தாறு வயசு ஆள், குழந்தை மாதிரி, "இப்ப சரியா? இப்ப சரியா?" என்று கேட்டார். சனிக்கிழமை காலையில், விழுந்தது போதும், ஒரு தடவை தன்னை நிஜமாகவே வீசிக் காட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார்.

"வேணாம் மாமா. வீடு சின்னது."

"மெதுவா வீசேன்."

மெதுவாகத்தான் வீசினாள். அவர்தான் உற்சாகத்தில் தானாகவும் கொஞ்சம் எம்பிவிட்டார். காகிதக் கதவைக் கிழித்துக்கொண்டு அடுத்த அறையில் போய் விழுந்தார். கையை முறைப்படி தரையில் தட்டியிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை.

நவோயா மத்தியானம் பையோடு வந்து நின்றபோது, கதவைக் கழற்றித் தரையில் கிடத்தி, நான் ஒற்றைக் கையால் பசை கலக்க, இபுகி காகிதத்தை அளந்து கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் ஓட்டையைப் பார்த்தான். ஓட்டை அவன் அப்பா அளவுக்கு இருந்தது.

"என்ன ஆச்சு? யார் யாரைத் தள்ளினது?"

"நீ பேசாத" என்றேன். "எங்க ஊர்ப் பேச்சுல ஒரு சொல்லைக்கூடச் சொல்லித் தராம பொண்ணைத் தனியா அனுப்பி வச்ச ஆளு நீ. நல்லா கட்டி வச்சு உதைக்கணும்."

"என்ன சொல்லு?"

"உக்காரு, சொல்றோம்" என்று இபுகி அவனுக்கு இடம் கொடுத்து நகர்ந்தாள். ஆரம்பத்திலிருந்து சொன்னாள், நடுநடுவே நான் குறுக்கே புகுந்தேன். வாசலில் நடந்ததைக் கேட்டபோதே அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. தண்ணீருக்குள் இருவரும் கத்திக்கொண்ட இடம் வந்தபோது, கதவின் மேல் கவிழ்ந்து சிரித்து, புதிதாக ஒட்டிய காகிதத்தில் முழங்கையால் இன்னொரு ஓட்டை போட்டான். நானும் இபுகியும் சேர்ந்து அவன் முதுகில் ஆளுக்கொரு அடி வைத்தோம். அவளுடைய அடிக்கு அவன் கொஞ்ச நேரம் மூச்சு விடவில்லை.

கிழிந்த காகிதத்தை உரித்துப் போட்டுவிட்டு இபுகி புதிதாக ஒன்றை எடுத்தாள். அதற்குள் பின்கட்டிலிருந்து என் கணவர் ஓடி வந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இரும்மா, அதை இப்ப ஒட்டாத" என்றார். "இந்தத் தடவை இடது பக்கமா வீசு."